மெஸ்ஸில் மதியச் சாப்பாடு: முழுச் சாப்பாடா, அளவா, பார்சலா, கேரியரா, செயலியா?

மதுரை சிம்மக்கல்லில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் எட்டு மேசை போட்ட ஒரு மெஸ். பதினோரு வருடமாக என் மதியச் சாப்பாடு பெரும்பாலும் அங்கேதான். போன மாதம், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கல்லாவுக்கு முன்னால் டோக்கன் வாங்காமல் யோசித்துக்கொண்டு நின்றார். “அண்ணே, முழுச் சாப்பாடு வாங்கினால் தூக்கம் வருகிறது. அளவு வாங்கினால் நாலு மணிக்கே பசிக்கிறது. பார்சல் வாங்கினால் மீந்துபோகிறது. எதைத்தான் வாங்குவது?” என்று கேட்டார். பின்னால் வரிசை நீண்டிருந்ததால், “இன்றைக்கு அளவு வாங்குங்கள்” என்று சொல்லி அவரை நகர்த்திவிட்டேன். அது அவசரத்தில் சொன்ன பதில். நிதானமாகச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். அவரைப் போலத் தயங்கி நிற்பவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

நாம் எல்லோரும் விலைப்பலகையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். என் அனுபவத்தில் விலைப்பலகையை விட மூன்று கேள்விகள்தான் முடிவை மாற்றுகின்றன: இப்போது மணி என்ன, சாப்பிட்ட பிறகு என்ன வேலை, சாப்பாடு எத்தனை பேருக்கு. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பலகையைப் பார்க்காமலே டோக்கன் வாங்கிவிடலாம்.

கணக்குப் பார்க்க வசதியாக, கட்டுரை முழுவதும் ஒரே விலைகளை வைத்துக்கொள்கிறேன். முழுச் சாப்பாடு 120 ரூபாய், அளவுச் சாப்பாடு 90, பார்சல் சாப்பாடு 130. உங்கள் ஊரில் இவை கூடலாம், குறையலாம். ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

நேரம். சாப்பிடும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. நடந்து போவது, இடம் கிடைக்கக் காத்திருப்பது, கை கழுவ வரிசையில் நிற்பது, திரும்பி வருவது எல்லாம் சேர்ந்ததுதான் நேரம்.

மொத்தச் செலவு. கல்லாவில் கொடுத்த பணத்தோடு, இலையில் உட்கார்ந்த பிறகு சேர்ந்த பணமும், பார்சல் டப்பாவுக்கான பணமும், சாயங்காலம் பசித்து வாங்கிய பஜ்ஜியும் சேரும்.

மதியத்துக்குப் பிறகு உடம்பு எப்படி இருக்கிறது. அடுத்த நான்கு மணி நேரம் மூட்டை தூக்கப் போகிறவருக்கும் கணினி முன்னால் உட்காரப் போகிறவருக்கும் ஒரே சாப்பாடு பொருந்தாது.

ருசி கெடாமல் வாய்க்கு வருகிறதா. சில பதார்த்தங்கள் பயணம் தாங்கும். அப்பளமும் ரசமும் தாங்காது.

கடைக்கு என்ன மிஞ்சுகிறது. இதையும் ஓர் அளவுகோலாகச் சேர்க்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நமக்குப் பிடித்த மெஸ் நாளைக்கும் திறந்திருக்க வேண்டும் என்று விரும்பினால், நாம் எந்த வழியில் வாங்குகிறோம் என்பது அதைத் தாங்கவும் செய்யும், அரிக்கவும் செய்யும்.

## இலையில் முழுச் சாப்பாடு

இலை விரித்து, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்து, பொரியல், கூட்டு, அப்பளம் வந்து, சுடுசோறு விழுந்து, அதன் நடுவில் சாம்பார் இறங்குகிற அந்த நிமிடத்துக்கு ஈடு எதுவும் இல்லை. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று நான்கு சுற்று. கேட்டால் சோறு மறுபடியும் வரும். நாம் 120 ரூபாய்க்கு வாங்குவது சோறு மட்டும் இல்லை, மறுசோறு கேட்கும் உரிமையும் அதில் சேர்த்தி.

இந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று புரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது. யார் எவ்வளவு சாப்பிடுவார் என்று மெஸ்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. சராசரியை வைத்து விலை போடுகிறார். ஒரு சோறோடு எழுந்துவிடுகிறவரின் பணத்தில்தான் மூன்று சோறு சாப்பிடுகிறவரின் மூன்றாவது சோறு வருகிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. யானைக்கல்லில் காலையிலிருந்து வாழைத்தார் இறக்கிவிட்டு வருகிறவர் என் எதிரே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடும்போது, என் 120 ரூபாயில் ஒரு பங்கு அவர் இலைக்குப் போகிறது என்பது எனக்கு நிறைவாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் தினமும் ஒரு சோறோடு எழுகிறவர் என்றால், தினமும் முழுச் சாப்பாடு வாங்குவது கணக்குக்குச் சரிவராது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று.

முதலாவது, தட்டு. அசைவ மெஸ்களில் சோற்றோடு கறிக்குழம்பும் மீன்குழம்பும் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள், அது சாப்பாட்டு விலையிலேயே அடக்கம். இலை போட்ட சில நிமிடங்களில் சப்ளையர் ஒரு பெரிய தட்டில் சுக்கா, ஈரல், கோலா உருண்டை, வறுத்த மீன் என்று சின்னச் சின்னக் கிண்ணங்களாக அடுக்கிக்கொண்டு வந்து காட்டுவார். விலை சொல்ல மாட்டார். நாமும் கேட்கக் கூச்சப்படுவோம். இரண்டு கிண்ணம் எடுத்தால் பல இடங்களில் சாப்பாட்டு விலையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தொகை ஏறிவிடும். “இது எவ்வளவு?” என்று கேட்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. கேட்ட பிறகு வேண்டாம் என்றாலும் அவர் வருத்தப்படப் போவதில்லை, அடுத்த மேசைக்குப் போய்விடுவார். தண்ணீரும் அப்படித்தான். பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டால் அதுவும் பில்லில் வரும். சாதாத் தண்ணீர் போதும் என்றால் உட்கார்ந்தவுடன் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, காத்திருப்பு. ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை எங்கள் மெஸ்ஸில் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் நிற்பார். நாம் மோருக்கு வந்துவிட்டோமா என்று அவர் இலையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அந்த நேரத்தில் முழுச் சாப்பாடு வாங்கினால் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. சாப்பாட்டுக்கு முழு விலையும் கொடுத்து, பாதிச் சுவையோடு எழுந்து வருவோம்.

மூன்றாவது, பிற்பகல். இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். தூக்கத்துக்குக் காரணம் முழுச் சாப்பாடு என்று அந்தத் தம்பி நினைக்கிறார். பெரும்பாலும் காரணம் முதல் சோறுதான். பசியில் சாம்பாருக்கே இலை நிறையச் சோறு வாங்கிவிடுகிறோம். பிறகு வத்தக்குழம்பை விட மனம் வராமல் இன்னொரு சோறு, ரசத்துக்கு மற்றொன்று. சாம்பாருக்கு ஒரு கைப்பிடி, வத்தக்குழம்புக்கு ஒரு கைப்பிடி, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று நான்காகப் பிரித்து, சோறு போடுகிறவரிடம் முதலிலேயே “கொஞ்சமாகப் போடுங்கள், மறுபடி வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். நான்கு சுற்றும் முடிந்தும் உடம்பு இலேசாக இருக்கும். பொரியலை இரண்டு முறை கேட்டு வாங்கலாம். முழுச் சாப்பாட்டில் காய்க்கும் கணக்கு கிடையாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எப்போது இதுதான் சரி: உடலுழைப்பு உள்ள நாள், காலையில் சாப்பிடாமல் வந்த நாள், இரவு எப்போது சாப்பிடுவோம் என்று தெரியாத பயண நாள், வெளியூரிலிருந்து வந்த நண்பரை அழைத்துக்கொண்டு போகும் நாள். சைவ மெஸ் என்றால் அமாவாசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடையும் பாயசமும் இலையில் விழும்.

## அளவுச் சாப்பாடு

எவர்சில்வர் தட்டு, அதைச் சுற்றிக் கிண்ணங்கள், நடுவில் ஒரே அளவுச் சோறு. உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் தட்டு வந்துவிடும், பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடலாம். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண நாளில் இதுவே போதும்.

ஆனால் மலிவு என்று நினைத்து வாங்கி, அதை மலிவில்லாமல் ஆக்கிவிடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். 90 ரூபாய்த் தட்டு வருகிறது. பாதியில் சோறு போதவில்லை என்று தெரிகிறது. கூடுதல் சோறு 25 ரூபாய், கூடுதல் பொரியல் 15 ரூபாய். மொத்தம் 130. பக்கத்தில் முழுச் சாப்பாடு சாப்பிடுகிறவர் 120 ரூபாய்க்கு மூன்றாவது முறை ரசம் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆகவே விதி எளியது: கூடுதல் சோறு வாங்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்கிறது என்றால் முதலிலேயே முழுச் சாப்பாட்டுக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு குறை, கிண்ணங்களை முன்கூட்டியே நிரப்பி வைப்பது. சில கடைகளில் பன்னிரண்டு மணிக்கே ஐம்பது கிண்ணம் ரசம் ஊற்றி அடுக்கிவிடுவார்கள். ஒன்றரைக்கு அது ஆறிக் கிடக்கும். உள்ளே நுழையும்போது சமையற்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் மெஸ்ஸில் கேட்டால் ரசத்தை மாற்றிச் சூடாக ஊற்றித் தருவார்கள். உங்கள் கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அளவுத் தட்டில் சோற்றின் பங்கு பெரியது, காயின் பங்கு சிறியது. பாதிச் சோற்றை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒரு கிண்ணம் பொரியலோ கூட்டோ தர முடியுமா என்று கேட்கலாம். பழகிய கடையில் பெரும்பாலும் தருவார்கள். தராவிட்டால் 15 ரூபாய் கொடுத்து வாங்குங்கள், அந்தச் செலவு நியாயமானது.

## பார்சல்

பார்சல் சாப்பாடு ஒருவருக்கானது என்று பெயர். உண்மையில் அது ஒன்றரை வயிற்றுக்கானது. மறுசோறு கேட்க வழியில்லை என்பதால், முழுச் சாப்பாட்டில் ஒருவர் கேட்கக்கூடிய சோற்றை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஒரு காரணத்தால், இருவர் பகிர்ந்தால் பார்சல்தான் இருப்பதிலேயே மலிவு. 130 ரூபாய்ச் சாப்பாட்டோடு 15 ரூபாய்ப் பொரியல் ஒன்று சேர்த்தால் 145. ஆளுக்கு 72 ரூபாய் 50 காசு. ஒருவர் மட்டும் வாங்கினால் அதே பார்சல் மோசமான தேர்வு. மீந்த சோற்றை மேசையிலேயே வைத்திருந்து சாயங்காலம் சாப்பிடும் பழக்கம் எங்கள் அலுவலகத்தில் இருந்தது, சொல்லிச் சொல்லி நிறுத்தினோம். சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மதுரை வெயிலில் அதை மீறுவது நல்லதில்லை.

எதில் கட்டுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இருந்தும் கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பையில் ஊற்றி நூலால் கட்டித் தருகிற கடைகள் இன்னும் உண்டு. செய்தித்தாளில் உணவு கட்ட வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதுதான் காரணம். வாழை இலையில் மடித்து வெளியே காகிதம் சுற்றினால்கூட, இலை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் மேசை இழுப்பறையில் இரண்டு சின்னத் தூக்குகள் வைத்திருக்கிறேன். சாம்பாரும் ரசமும் அதில் வாங்கிக்கொள்வேன். சூட்டில் பிளாஸ்டிக் சேராது, பார்சல் டப்பாவுக்கான பணமும் மிச்சம்.

பயணத்தைத் தாங்காத பொருட்கள் எவை என்று தெரிந்தால் பார்சலின் ருசியைக் காப்பாற்றலாம். அப்பளத்தைச் சோற்றுக்கு மேல் வைக்க வேண்டாம், தனியாகத் தரச் சொல்லுங்கள். மோரைக் கடைசியாகக் கட்டச் சொல்லுங்கள். வெகு தூரம் கொண்டு போவதென்றால் முழுப் பார்சலை விடக் கலவைச் சாதம் நல்லது. புளியோதரை நேரம் ஆக ஆகத் தேறும். எலுமிச்சைச் சாதம் தாக்குப்பிடிக்கும். தயிர்ச் சாதம் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் சரி, அதற்கு மேல் புளித்துவிடும்.

செலவு ஒன்றே அளவுகோல் என்கிற நாட்களும் வாழ்க்கையில் வரும். 2013-இல் சென்னையில் தொடங்கி மதுரை போன்ற மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்த அம்மா உணவகங்களில் மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று விலை வைத்தார்கள். வேலை தேடி அலைந்த நாட்களில் அங்கே சாப்பிட்டவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். எந்த மெஸ்ஸும் அந்த விலையோடு போட்டி போட முடியாது, போட வேண்டியதும் இல்லை.

## எடுப்புச் சாப்பாடு

இந்தச் சொல் இளைய தலைமுறைக்குப் பழக்கமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. காலையில் வீட்டுக் கேரியரை மெஸ்ஸில் கொடுத்துவிட்டு வந்தால், மதியம் அடுக்கு அடுக்காக நிரப்பி வைத்திருப்பார்கள். பெரிய அடுக்கில் சோறு, அடுத்ததில் சாம்பார், பிறகு ரசம், பொரியலும் கூட்டும் ஒன்றில், மேலே மோர். எங்கள் மெஸ்ஸின் ஓரத்துத் திண்ணையில் பதினொரு மணிக்குப் பத்துப் பதினைந்து கேரியர்கள் வரிசையாக இருக்கும். அடையாளத்துக்குச் சிலர் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருப்பார்கள், சிலர் மூடியில் பெயர் பொறித்திருப்பார்கள்.

மூன்று பேருக்கான கேரியர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 100. பார்சல் டப்பா செலவு இல்லை, குப்பை இல்லை. கனமான பாத்திரத்தில் மூடி இருப்பதால் சூடும் நிற்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய நன்மை, நம் தேவையைச் சொல்ல முடியும். உப்புக் குறைவாக, காரம் இல்லாமல், சோறு குழைய என்று கேரியரைக் கொடுக்கும்போதே சொல்லலாம். மொத்தச் சமையலை நமக்காக மாற்ற மாட்டார்கள், ஆனால் தாளிப்புக்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வைப்பது போன்ற சின்ன உதவிகளைச் செய்வார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களும் வயதானவர்களை வைத்துப் பார்க்கிறவர்களும் இந்த வழியைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு உழைப்புதான். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை என்று இரண்டு நடை. சாயங்காலம் ஐந்து அடுக்கையும் கழுவ வேண்டும். மூடி சரியாகப் பூட்டாத பழைய கேரியர் என்றால் வண்டியில் வரும்போதே ரசம் சிந்திவிடும். ஒற்றை ஆளுக்கு இது தேவையில்லாத வேலை. மூன்று பேருக்கு மேல் என்றால் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை.

## செயலி வழியாக

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எண்களே பேசுகின்றன. கடையில் 120 ரூபாய்க்குக் கிடைக்கிற சாப்பாடு செயலியில் பெரும்பாலும் கூடுதல் விலையில் இருக்கும். செயலி நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கழிவை, அதாவது கமிஷனை, ஈடுகட்டக் கடைக்காரருக்கு வேறு வழியில்லை. 150 என்று வைத்துக்கொள்வோம். டப்பாவுக்கு 10. இந்த 160 ரூபாய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 8 ரூபாய். கொண்டுவந்து தருவதற்கு 30, செயலிக் கட்டணம் 12. இந்த 42 ரூபாய்க்கு 18 சதவீத வரி ஏறத்தாழ 7 ரூபாய் 50 காசு. மொத்தம் 218 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. செயலிக் கட்டணம் 2023-இல் அறிமுகமானபோது வெறும் 2 ரூபாய் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வரியில் பலர் அறியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட உணவகம், சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் என்கிற எளிய வரித் திட்டத்தில் சேர்ந்திருந்தால், நம்மிடம் ஜிஎஸ்டியைத் தனியாக வசூலிக்கக் கூடாது. தன் விற்பனையிலிருந்தே கட்ட வேண்டும். ஆனால் 2022 ஜனவரி 1 முதல், செயலி வழியாக விற்கும் உணவுக்கு வரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பு செயலி நிறுவனத்துடையது. அதனால் நேரில் வரி கேட்காத சின்னக் கடையின் சாப்பாட்டுக்கும் செயலியில் வரி உண்டு.

எனக்கு இதைவிடப் பெரிய தடை ருசிதான். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது எங்கள் மெஸ் ரசத்துக்காகவே செயலியில் வாங்கினேன். ரசப் பை வழியிலேயே பிரிந்து, சோறும் பொரியலும் அதில் ஊறி வந்தது. கொண்டுவந்த பையன் வெயிலில் வியர்த்து நனைந்து போயிருந்தார். அவர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. ரசம் அந்தப் பயணத்துக்கு ஆனதில்லை.

ஆனாலும் செயலியை முழுக்க ஒதுக்க மாட்டேன். உடம்பு முடியாத நாள், இடுப்பளவு மழை, கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் வீடு, மேசையை விட்டு எழ முடியாத கணக்கு முடிக்கும் நாள் — இந்த நாட்களில் 218 ரூபாய் நியாயமான விலைதான். அன்றைக்குக் கலவைச் சாதமாக வாங்குங்கள். கடை பக்கத்தில் இருந்தால் முதலில் கடைக்கே போன் செய்து பாருங்கள். எங்கள் மெஸ்ஸில் கூட்டம் இல்லாத நேரத்தில் சப்ளையர் ஒருவரே கொண்டுவந்து தருவார்.

## டோக்கன் புத்தகம் வாங்கலாமா?

சில மெஸ்களில் மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி தருகிறார்கள். 26 அளவுச் சாப்பாடு 2,340 ரூபாய். தள்ளுபடி போக 2,106. மிச்சம் 234. அதாவது மூன்று நாள் சாப்பிடத் தவறினாலே மிச்சம் கரைந்து நட்டத்தில் போய்விடும். மாதத்தில் ஒரு கல்யாணம், ஒரு வெளியூர் வேலை, ஒரு நாள் காய்ச்சல் வந்தால் கணக்கு முடிந்தது. டோக்கன் அடுத்த மாதமும் செல்லும் என்றால் மட்டும் வாங்குங்கள். விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு இது வேறு கணக்கு, அவர்கள் தவறவிடும் நாட்கள் குறைவு.

## ஒரே பார்வையில்

| | முழுச் சாப்பாடு | அளவு | பார்சல் | கேரியர் (3 பேர்) | செயலி |
|---|---|---|---|---|---|
| ஒருவருக்குச் செலவு | 120 ரூ. | 90 ரூ. | 130 ரூ. (இருவர் பகிர்ந்தால் 72.50 ரூ.) | 100 ரூ. | 218 ரூ. வரை |
| கடையில் ஆகும் நேரம் | 30–45 நிமிடம் | 15–20 நிமிடம் | 10 நிமிடம் | இரண்டு நடை | இல்லை |
| மறைவான செலவு | தட்டில் வரும் கிண்ணங்கள், காத்திருப்பு | கூடுதல் சோறு | மீதமாவது, குப்பை | கழுவும் வேலை | ஏற்றிய விலை, கட்டணங்கள் |
| ருசி | முழுமை | ஆறிய கிண்ணம் தவிர நன்று | அப்பளம் நமுத்துப்போகும் | சூடு நிற்கும் | ரசம், மோர் தாங்காது |
| கடைக்கு லாபம் | நன்று | நன்று | நன்று | நன்று | கழிவு போகக் குறைவு |
| யாருக்கு | உழைப்பாளி, விருந்தினர் | உட்கார்ந்து வேலை செய்பவர் | இருவர் | குடும்பம், வயதானவர் | வெளியே வர முடியாதவர் |

## மணியும் கிழமையும்

அட்டவணையில் அடங்காத ஒன்று, எப்போது போகிறோம் என்பது. பன்னிரண்டே காலுக்குப் போனால் முதல் வடிப்புச் சோறு, தாளித்த மணம் அடங்காத பொரியல், தெளிந்த ரசம். அண்டாவின் மேல்பகுதியிலிருந்து எடுக்கிற அந்தத் தெளிவு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கலாம். இரண்டரைக்குப் போனால் மண்டிதான் மிஞ்சியிருக்கும். பருப்பும் மிளகும் அடியில் தங்கிய அந்த ரசத்தைச் சோற்றில் பிசைந்து சாப்பிட விரும்புகிறவர்களும் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். ஆனால் அந்நேரம் கூட்டு தீர்ந்திருக்கும், பொரியல் மாறியிருக்கும். ஆகவே பன்னிரண்டரைக்கு முன்னால் என்றால் முழுச் சாப்பாடு, ஒன்றிலிருந்து இரண்டு என்றால் அளவு அல்லது பார்சல், இரண்டரைக்குப் பிறகு என்றால் முழுச் சாப்பாட்டு விலை கொடுக்காதீர்கள், என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முகூர்த்த நாட்களில் வாழை இலையும் காயும் விலை ஏறும். அன்றைக்குச் சில கடைகளில் இலை சின்னதாகும், பொரியலில் காய் மாறும். ஆடியில் கல்யாணங்கள் இல்லாததால் இலை தாராளம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அசைவ மெஸ்கள் காற்றாடும், சைவ மெஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. அந்த நான்கைந்து சனிக்கிழமைகளுக்கு மட்டும் முன்கூட்டியே கேரியரைக் கொடுத்துவிடுவது நல்லது.

அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் சொன்ன பிறகு, “நீங்கள் என்ன செய்கிறீர்கள் அண்ணே?” என்று கேட்டார். திங்கள் முதல் வியாழன் வரை அளவுச் சாப்பாடு, சோற்றைக் குறைத்து ஒரு பொரியல் கூடுதலாக. பக்கத்து மேசை நண்பருக்கும் வேலை அதிகம் என்றால் இருவருமாக ஒரு பார்சல். வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கே கிளம்பி இலையில் முழுச் சாப்பாடு, தெளிவு ரசம் ஒரு டம்ளர். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து கேரியரோடு வீட்டுக்குப் போவேன். என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. பல் இல்லாததால் சோறு குழைந்திருக்க வேண்டும், ரசத்தில் மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். முதல் சில வாரம் கேரியரைக் கொடுக்கும்போது சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கல்லாவில் இருப்பவர், சிவப்பு நூல் கட்டிய கேரியரைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, “அம்மாவுக்குச் சோறு இன்னும் ஒரு கொதி வரட்டும்” என்று அவரே சொல்லிவிடுகிறார்.